‘தேக்கா’ சரியாக வருகிறதா?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா, பிறகு சிராங்கூன் சாலை ஒளியூட்டோடு தீபாவளி. இந்த இரண்டு பருவங்களிலும் மாணவர் மன்றங்களில் சுவரொட்டி வேலை யார் தலையில் விழுகிறதோ, அவருக்கு உடனே எழும் கேள்வி: எதில் வரைவது?

அடோபி நிறுவனம் 2013ல் சந்தா முறைக்கு மாறியது. ஃபோட்டோஷாப் வேண்டுமென்றால் இன்று மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு சுவரொட்டிக்காக அது கட்டுப்படியாகாது. திருட்டுப் பிரதியைத் தேடுவோரும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை.

தூரிகை கொண்டு வரைவதுபோல் வரைய ‘கிரிட்டா’ போதும். முற்றிலும் இலவசம், நூற்றுக்கும் மேற்பட்ட தூரிகைகள் அதிலேயே உள்ளன. சின்னம், பதாகை போன்றவற்றுக்கு ‘இங்க்ஸ்கேப்’. அதில் வரைந்ததை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காது. ‘புரோகிரியேட்’ செயலிக்கு ஒருமுறை மட்டும் பணம் கட்டினால் போதும், ஆனால் ஐபேட் இருக்க வேண்டும். இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைப்பவர்கள் ‘ஃப்ளோ’ படத்தைப் பார்க்கலாம். 2025ல் சிறந்த உயிரோவியப் படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்ற அந்த லாட்வியப் படம், ‘பிளெண்டர்’ என்ற இலவச மென்பொருளில் உருவானது. (உயர்நிலைப் பள்ளி மாணவர்களே, பள்ளிவழி வாங்கிய சாதனத்தில் எதையும் நிறுவுமுன் பள்ளியின் அனுமதி தேவைப்படலாம்.)

ஆனால் நமக்கு விலையைவிடப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. புதிய மென்பொருளைத் திறந்ததும் ‘தேக்கா’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். கணினி முதலில் ‘த’வையும் பிறகு கொம்பையும் நினைவில் வைத்துக்கொள்கிறது, திரையில் மட்டும் கொம்பு முன்னால் வரவேண்டும். தமிழ் அறியாத மென்பொருள் கொம்பைப் பின்னால் தள்ளிவிடும். விலை உயர்ந்த ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இந்தச் சிக்கல் வரலாம். இங்க்ஸ்கேப்பில் எழுத்து ஒழுங்காக அமர்கிறது. கிரிட்டாவின் எழுத்துப் பகுதி 2023ல் வெளியான 5.2 பதிப்பில் புதிதாக எழுதப்பட்டது. பழைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்துவிடுங்கள். எழுத்துருவுக்கும் செலவு இல்லை: நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் ஆகியவற்றைக் கூகல் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

திரையில் சரியாக இருந்தது அச்சில் உடைந்து வருவதும் உண்டு. அச்சகத்தின் கணினியில் நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லாததே பெரும்பாலும் காரணம். தமிழ் படிக்கத் தெரியாதவர் அச்சடித்தால் பிழை அவர் கண்ணில் படாது. ஆகவே கோப்பை அனுப்புமுன் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். அதன்பிறகு எந்தக் கணினியிலும் கொம்பு இடம் மாறாது. மாற்றாத பிரதி ஒன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்: வடிவமாகிவிட்ட எழுத்தில், தமிழாசிரியர் கடைசி நேரத்தில் சுட்டிக்காட்டும் ஒற்றுப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது.