தட்டில் வேலையை மறக்கும் கல்லீரல் செல்

திண்டுக்கல் தோல் ஷாப்களில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலில் முடி கழன்றிருக்கும். உட்புறச் சதையையும் கத்தியால் வழித்துவிட்டால், வெள்ளையாக வழவழவென்று மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். கயிறாக முறுக்கிய மூன்று இழைகளே அதன் கட்டமைப்பு என்று 1954–55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். தோல் தொழிலாளிகளின் கையில் தினமும் புரளும் இந்தப் பொருளுக்கு ஆய்வகத்திலும் ஒரு வேலை உண்டு. அங்கே எலி வாலிலிருந்து எடுப்பார்கள், வகை ஒன்றுதான்.

எலியின் கல்லீரல் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால், உயிரோடு இருக்கும்போதே சில நாளில் தொழிலை விட்டுவிடும். உடம்புக்குள் பல கோணங்களோடு திரண்டு நின்ற செல் தட்டையாகப் பரவும். உள்ளிருந்து தாங்கும் ஆக்டின் இழைகள் நீண்ட கற்றைகளாக இழுபடும். அல்புமின் என்ற புரதத்தின் சுரப்பு குறையும். மருந்துகளை உடைக்கும் நொதிகளும் குறையும்.

1989-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செல்களுக்குக் கீழே ஓர் அடுக்கு கொலாஜன் கூழ் இட்டு, மேலேயும் ஓர் அடுக்கு ஊற்றினார்கள். செல்கள் வாரக்கணக்கில் அல்புமின் சுரந்தன. ஒரு வாரம் தாமதித்து, சுரப்பு அடங்கியபின் ஊற்றினாலும் சுரப்பு மீண்டது! 1993-ல் இப்படி மூடிய செல்களில் ஆக்டினைப் பார்த்தபோது, இழைகள் செல்லின் விளிம்புக்கு ஒதுங்கி, பித்தம் ஓடும் நுண்குழாய்களைச் சுற்றிச் செறிந்திருந்தன. செல் தன் வேலையை மறக்காமலிருக்க ஹார்மோன்களும் பக்கத்து செல்களும் முக்கியம் என்பவர்களும் உண்டு.

என்னை உறுத்துவது மருந்துச் சோதனை. பாராசிட்டமால் நேரடியாகக் கல்லீரலைக் கெடுப்பதில்லை. அளவு மீறும்போது, கல்லீரல் நொதிகள் அதில் ஒரு பகுதியை நச்சாக மாற்றுவதால்தான் ஆபத்து. நொதியை இழந்த செல்லில் ஊற்றினால் அந்த நச்சு அவ்வளவாக உண்டாகாது. ‘பாதிப்பில்லை’ என்றே முடிவு வரும். சோதித்த பொருள் நல்லது என்பதல்ல அதற்கு அர்த்தம், சோதித்த செல்தான் கல்லீரலாக இல்லை.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் பழக்கம் இந்தப் பக்கத்து வீடுகளில் உண்டு. அதே பெயரில் பொடியும் மாத்திரையும் கடைகளில் கிடைக்கின்றன. எதுவானாலும் ‘கல்லீரல் செல்லில் சோதித்தது’ என்று அட்டையில் போடுபவர்கள், அது பிரித்தெடுத்து எத்தனை நாளான செல், மேலே கொலாஜன் அடுக்கு இருந்ததா, சோதித்த அன்று அல்புமின் எவ்வளவு சுரந்தது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.