சிட்சைக்கு முன் செவி

எர்ணாகுளத்துப் பிராட்வேயில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரங்களில், மட்டாஞ்சேரிப் பக்கத்திலிருந்து காயல் கடந்து வந்தவர்களும், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து கொச்சியிலேயே குடியேறியவர்களுமாக ஜனங்கள் குடைக்கும் புத்தகப் பைக்கும் பேரம் பேசிக்கொண்டு அந்தக் குறுகிய வீதியை நிறைத்து நிற்கையில், கேட்டதெல்லாம் கிடைத்த பிறகும் விம்மி அழுகிற குழந்தை ஒன்றையாவது காணலாம். "இவ்வளவு காசு செலவழிச்சு வாங்கிக் கொடுத்தும் அழுகையா?" என்று அதட்டுகிற தாய் கல்நெஞ்சக்காரியல்லள், நெரிசலும் புழுக்கமும் கைச்செலவும் அவளை அப்படிப் பேசவைக்கின்றன. ஆயினும் பிள்ளையின் துக்கம் பையைப் பற்றியதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

அவள் சற்று ஒதுங்கிக் குனிந்து, "புதுப் பள்ளிக்கூடம்னு பயமா இருக்காய்யா?" என்று கேட்பாளானால், "ஆமாம்மா, அங்க எனக்கு யாரையும் தெரியாதே" என்ற உண்மை வெளிவரக்கூடும். 'பயப்படாதே' என்னும் சொல் ஆறுதலாகத் தோன்றினாலும், பயத்தை மறைக்கவே அது பிள்ளைக்குக் கற்பிக்கிறது. 'பயமாக இருக்கிறதா' என்பதோ, தன் மனத்தை ஒருவர் அறிந்துகொண்டார் என்ற ஆசுவாசத்தைத் தருகிறது. 1965-இல் பெற்றோருக்காக நூலெழுதிய ஹைம் கினாட் என்னும் மனோதத்துவ அறிஞர், உணர்ச்சி எதுவானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும், நடத்தைக்கு மட்டும் எல்லை விதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கோபம் வரலாம், அதற்காகத் தம்பியை அடிக்கலாகாது.

பிரம்பைப் பற்றிய நீதிமொழியை மனப்பாடமாகச் சொல்லும் கிறிஸ்தவக் குடும்பங்கள், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி பவுல் எபேசியருக்கு எழுதியதையும் அதே சிரத்தையோடு நினைவுகூர வேண்டும். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் தேடிய மரியாள், மூன்று நாளைக்குப் பின் தேவாலயத்தில் அவரைக் கண்டபோது, தங்கள் வேதனையை ஒளிக்காமல் சொல்லிக் காரணம் கேட்டாள். வந்த பதில் விளங்காதபோதும் அதைத் தள்ளிவிடாமல் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்று லூக்கா எழுதுகிறார். விளங்காததையும் பொறுமையோடு ஏற்றுவைப்பது பெற்றோருக்குரிய தபசு.

நம் தென்தேசத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1901 மார்ச்சில், கோயில் ஊழியத்துக்கென ஒப்புவிக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து தப்பிய பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்துவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். வார்த்தைக்கு எட்டாத தன் துன்பத்தை அவள் துணிப் பொம்மையைக் கொண்டு நடித்துக் காட்டியபோது, அம்மையார் அதைக் குழந்தையின் கற்பனையென்று தள்ளாமல் முழுமனத்தோடு கேட்டார். நிராதரவான பிள்ளைகளுக்காக டோனாவூரில் வளர்ந்த இல்லத்துக்கு அதுவே வித்தாயிற்று; அங்கே அடைக்கலம் பெற்ற பிள்ளைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள்.

இரவில் குடும்ப ஜெபத்துக்கு முன், "இன்னிக்கு மனசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, புத்திமதி சொல்லத் துடிக்கும் நாவைச் சற்று அடக்கி, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருத்தல் எந்த வீட்டிலும் இயலும். சிட்சை அவசியமானால் அதன்பின் வரட்டும். கண்ணால் காண்கிற தகப்பன் தன் அழுகைக்குச் செவிகொடுத்தான் என்று அனுபவத்தில் அறிந்த பிள்ளைக்கு, காணாத பரமபிதாவும் தன் ஜெபத்தைக் கேட்கிறார் என்று விசுவாசிப்பது கடினமாயிராது.