கோப்பின் திகதி எவ்வளவு தூரம் உண்மை பேசும்?

அலுவலகங்களினதும் பாடசாலைகளினதும் பல்லாண்டு கால ஆவணங்கள் இன்று கணினிகளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என விரியும் இக்களஞ்சியத்தில் இறுதியாகத் திருத்தப்பட்ட பிரதி எது என்ற வினா எழும்போதே சங்கடம் ஆரம்பமாகின்றது. பழைய பிரதியொன்று அச்சகத்துக்கோ நீதிமன்றுக்கோ சென்றுவிடுமாயின் அதன் விளைவு சிறியதன்று.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு நேரிய வழி கட்டளை வரியே. 'எல்எஸ்' என்னும் பட்டியலிடும் கட்டளைக்கு, உட்கோப்புறைகளையும் காட்டு, திகதிப்படி அடுக்கு என்ற இரு பணிப்புகளையும் ஒருங்கே வழங்கினால் போதுமெனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அது ஒவ்வொரு கோப்புறையையும் தனித்தனியே வரிசைப்படுத்துமேயன்றி முழுக் களஞ்சியத்துக்குமான ஒரே பட்டியலைத் தராது.

எனவே, எத்தனை அடுக்கு ஆழத்திலிருப்பினும் கோப்புகளைத் தேடித்தரும் 'பைண்ட்' கட்டளையை நாட வேண்டும். அதன் 'பிரின்ட்எப்' பணிப்பு, ஒவ்வொரு கோப்பின் திருத்த நேரத்தையும் பெயரையும் ஒரே வரியில் வெளியிடும். அவ்வெளியீட்டை வரிசைப்படுத்தும் 'சோர்ட்' கட்டளைக்குக் கையளித்தல் வேண்டும். ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் இந்தக் 'குழாய்' முறை, டக்ளஸ் மக்கில்ரோயின் யோசனைக்கிணங்க 1973 இல் யுனிக்ஸில் சேர்க்கப்பட்டதாகும். அரை நூற்றாண்டு கடந்தும் அது பழையதாகவில்லை.

நேரத்தை நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் பெறுவதில் பயனில்லை. நாளே முதலில் ஒப்பிடப்படுவதால் 2009 ஆம் ஆண்டுக் கோப்பு 2020 ஆம் ஆண்டுக் கோப்பைத் தாண்டி நிற்கக்கூடும். யுனிக்ஸ் வழிவந்த தளங்கள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாகவே நேரத்தைக் கணக்கிடுகின்றன. அவ்வெண்ணையே பெற்று எண் ஒழுங்கில் அடுக்கினால் மிகப் புதிய கோப்பு இறுதி வரியில் வந்து நிற்கும்.

இப்பட்டியலை அசைக்க முடியாத சாட்சியமாகக் கொள்வதுதான் ஆபத்தானது. 'டச்' என்ற எளிய கட்டளை எந்தக் கோப்புக்கும் விரும்பிய திகதியைச் சூட்டிவிடும். கோப்பின் விபரங்கள் மாறிய நேரம் வேறாகப் பதியப்படுவதால் இத்தகைய கைவரிசை சிலவேளை வெளிப்படும். எனினும் அனுமதிகளை மாற்றினாலும் அந்நேரம் மாறும் என்பதால் அதுவும் முடிந்த முடிபன்று.

வஞ்சகம் ஏதுமின்றியே நிகழும் குழப்பந்தான் அதிகம். 'சீபி' கட்டளையால் சாதாரணமாகப் பிரதியெடுத்தாலே பத்தாண்டு பழைய ஆவணமும் அன்று பிறந்ததாகத் தோன்றும். அக்கட்டளையுடன் 'பி' என்ற பணிப்பைச் சேர்த்தால் மூலத்தின் திருத்தத் திகதி பிரதியிலும் அப்படியே தொடரும்.