எல்லாரும் இறங்கினாங்களே, மாமா!

2023 மார்ச்சில் யோங் பெங்கில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? எது சாலை, எது அல்லூறு என்று தெரியவில்லை. தண்ணீர் தே தாரேக் நிறத்தில் வீட்டுப் படிவரை ஏறி நின்றது. என் அக்காள் மகனுக்கு அப்போது எட்டு வயது. மேல்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு பையன்கள்.

"வாடா, ஒன்னும் ஆகாதுலா!" என்றான் ஒருவன். "பயந்தாங்கொள்ளி!" என்றான் இன்னொருவன்.

இவன் குனிந்து தன் முழங்காலில் இருந்த சிராய்ப்பை ஒரு தடவை பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான்.

வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். அதிலுள்ள நுண்ணுயிரி சின்னக் காயம் வழியாகக்கூட உடம்புக்குள் போய்விடும். அதுதான் எலிக்காய்ச்சல். மலாயில் 'கென்சிங் தீக்குஸ்' என்பார்கள். உடனே தெரியாது, பல நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். இரண்டு வாரம் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை.

"புண் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன்டா எறங்குன?" என்று கேட்டேன்.

"எல்லாரும் எறங்குனாங்களே, மாமா."

அவனுக்கு அந்த எலியின் கதையையே சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எலி மிகவும் சந்தேகப் பிராணி. புதுத் தீனியைப் பார்த்தால் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும். வயிறு கெட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது. ஆனால் கனடாவில் பென்னட் கேலெஃப் என்ற அறிவியலாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஓர் எலி இன்னோர் எலியைச் சந்தித்தால் மூக்கோடு மூக்கு வைத்து முகரும். மற்றதன் மூச்சில் என்ன தீனியின் வாசம் வருகிறதோ, அதைத்தான் பிறகு தானும் விரும்பித் தின்னும். தன் வயிற்றைக் கெடுத்த தீனியின் வாசம் தோழனின் மூச்சில் வந்தால்? தான் பட்ட பாட்டையே மறந்து அதைத் தின்ன ஆரம்பித்துவிடும்! இன்னும் வேடிக்கை, அந்தத் தோழன் நோயில் சுருண்டு கிடந்தாலும் எலி அதைக் கவனிப்பதில்லை. வாசத்தை மட்டும்தான் கவனிக்கும்.

இதைக் கேட்டுவிட்டு எலியை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். பிறரைப் பார்த்துச் செய்வதே தப்பு என்று சொல்லும் கதைகளை நான் ஒப்புக்கொள்வதில்லை. தின்றவன் உயிரோடு நடமாடுகிறான் என்றால் அந்தத் தீனி பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும். நீங்கள் சோற்றைப் பிசைந்து உண்ணவும் சைக்கிள் ஓட்டவும் கற்றது பிறரைப் பார்த்துத்தானே? முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருந்தால் பின்னால் போகலாம். அவருக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது?

பிரான்ஸில் ஃபாபர் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் இருந்தார். பைன் மரத்துக் கம்பளிப்பூச்சிகள் நூல் விட்டுக்கொண்டு ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்து போகும். 1896இல் அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு வரிசை ஒரு பெரிய பூத்தொட்டியின் விளிம்பில் ஏறி வட்டமாகச் சேர்ந்துகொண்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, யாருமே முதல் ஆள் இல்லை. சுற்றின, சுற்றின, ஏழு நாள் சுற்றின! குளிரிலும் களைப்பிலும் வரிசை அறுந்தபோதுதான் அவற்றில் சில தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கீழே இறங்கும் வழியைத் தேடின.

"நான் பூச்சி இல்லையே" என்றான் அக்காள் மகன். நியாயமான பேச்சு. அதனால் பிள்ளைகளை வைத்தே நடந்த சோதனையையும் சொன்னேன்.

ஜெர்மனியில் நான்கு வயதுப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராக உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு விலங்குப் படப்புத்தகம். அப்பா, அம்மா, குட்டி என்று ஒரு குடும்பம் இருக்கும், பக்கத்துத் தாளில் அவர்களில் ஒருவர் மட்டும். அது யார் என்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். ஆனால் நான்காவது பிள்ளையின் புத்தகத்தில் மட்டும் சில படங்கள் வேறு. மூன்று பேர் "அம்மா" என்றார்கள். இந்தப் பிள்ளையின் கண்முன்னே இருப்பதோ குட்டி! அப்படி மாட்டிக்கொண்ட 24 பிள்ளைகளில் 18 பேர் ஒரு தடவையாவது மற்றவர்கள் சொன்னதையே சொன்னார்கள்.

அவர்கள் கண் ஏமாந்ததா? அடுத்து 18 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தால் உரக்கச் சொல்ல வேண்டும். அணைந்தால் நண்பர்களுக்குத் தெரியாமல் விரலால் காட்டினால் போதும். உரக்கச் சொன்னபோது 12 பேர் மற்றவர்களோடு ஒத்துப்போனார்கள், விரலால் காட்டியபோது 8 பேர்தான். அப்படியானால் சிலருக்குச் சரியான விடை தெரிந்தே இருந்தது, வாய்தான் வரவில்லை.

பெரியவர்களும் இப்படித்தான். அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் 1950களில் கோடுகளின் நீளத்தைக் கேட்டுச் சோதித்தார். கூட இருந்த எல்லாரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் பலர் தாமும் தப்பாகச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொல்லத் தொடங்கியதும் அந்தத் தப்புகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன.

"ஒரே ஒருத்தரா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான்.

போன மழையில் அல்லூறு மறுபடி நிரம்பியது. அதே படி, அதே கூச்சல். இவன் கீழே பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையனைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ எறங்கப் போறியா?" என்று மெல்லக் கேட்டான்.

அவன் தலையை ஆட்டினான். "எனக்கு வேணாம்."

"எனக்கும்தான்."

இருவரும் படியிலேயே உட்கார்ந்து, மிதந்து போகிற செருப்புகளை எண்ணத் தொடங்கினார்கள்.