இரண்டு வரி இடத்தில் மூன்றாவது வரி: வைஃபை பிழையும் நம் கடைக் கணக்கும்



கடையில் கம்ப்யூட்டர் வைத்த நாள் முதல், சங்கக் கூட்டத்தில் யார் கேட்டாலும் நான் ஒரே யோசனைதான் சொல்லி வந்தேன். "அப்டேட் என்று ஏதாவது வந்தால் செய்யாதீர்கள், நிறுத்தி வையுங்கள்" என்பதே அந்த யோசனை. என் பேச்சைக் கேட்டு நிறுத்தி வைத்தவர்கள் நம் உறுப்பினர்களிலேயே பலர் இருக்கிறார்கள். அந்த யோசனை தவறு என்று ஒப்புக்கொள்ளவும், ஏன் தவறு என்று விளக்கவுமே இதை எழுதுகிறேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, போடிமெட்டு ஏற வேண்டிய இரண்டு வண்டிச் சரக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தது. பாதி பில் போட்ட நிலையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அப்டேட் செய்ய ஆரம்பித்துவிட்டது. முக்கால் மணி நேரம் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். அன்று மாலையே ஆளை வரவழைத்து அப்டேட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதன்பின் பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் அது நல்ல யோசனை என்றே நினைத்துக்கொண்டேன்.

என் மகள் வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, இது இத்தனை வருஷமா அப்டேட்டே ஆகாம கெடக்கு?" என்றான். "நான்தான்டா நிறுத்தச் சொன்னேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. பழைய பேரேடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, நடந்த ஒரு சம்பவத்தை எனக்குப் புரியும்படி சொன்னான். அதைப் பிறகு நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

டிரைவர் என்றால் யார்?

கம்ப்யூட்டரில் நம் பில் புரோகிராமுக்கு அடியில் இயங்குதளம் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். லினக்ஸ் என்பது இன்னொன்று. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்கும் அடிப்படை லினக்ஸ்தான். இந்த இயங்குதளத்தைக் கடை முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், வைஃபை போன்ற ஒவ்வொரு கருவியையும் கவனிக்க அவரிடம் தனித்தனி ஆட்கள் உண்டு. அந்த ஆள்தான் 'டிரைவர்' எனப்படும் சிறு புரோகிராம்.

வைஃபையைக் கவனிக்கும் டிரைவரின் வேலை, காற்றில் வரும் செய்திகளை வாங்கிப் பிரித்து, உரிய இடத்தில் எழுதி வைப்பது. இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, இவன் தெருவில் நிற்கும் யார் சீட்டு நீட்டினாலும் வாங்கிப் பார்க்க வேண்டியவன். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே சில வகைச் சீட்டுகளைப் பிரித்துப் படித்துவிடுவான். இரண்டாவது, இவன் உட்கார்ந்திருப்பது கல்லாவுக்குப் பக்கத்தில். முதலாளிக்குள்ள அதிகாரம் இவனுக்கும் உண்டு. ஆகவே இவன் ஏமாந்தால் கடையே ஏமாந்த மாதிரி.

விடுமுறைச் சீட்டில் வந்த வினை

தைவான் நாட்டு ரியல்டெக் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் பல கம்ப்யூட்டர்களில் உள்ளன. லினக்ஸில் அவற்றைக் கவனிக்கும் டிரைவர்களில் ஒன்றில் 2019-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது.

நடுவில் ரவுட்டர் இல்லாமல் இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறை ஒன்று வைஃபையில் உண்டு. அந்தக் கூட்டில் தலைமைக் கருவி, பேட்டரியை மிச்சப்படுத்த அவ்வப்போது ரேடியோவை அணைத்துக்கொள்ளும். அணைப்பதற்கு முன் மற்ற கருவிகளுக்கு "இந்த நேரம் முதல் இவ்வளவு நேரம் நான் இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிடும். நாம் மதியச் சாப்பாட்டுக்கு "2 மணி முதல் 4 மணி வரை கடை விடுமுறை" என்று அட்டை தொங்கவிடுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விடுமுறை அறிவிப்பு ஒவ்வொன்றும் 13 பைட் நீளம். பைட் என்பது கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கான இடம். இப்படிப்பட்ட அறிவிப்புகளைக் குறித்து வைக்க டிரைவர் ஒதுக்கி வைத்திருந்தது இரண்டு வரி இடம் மட்டுமே. சீட்டு வந்தவுடன் அதன் நீளம் 13, 13-ஆகச் சரியாகப் பிரிகிறதா என்று பார்த்தான். அப்படிப் பிரித்தால் எத்தனை அறிவிப்பு என்றும் எண்ணினான். ஆனால் அந்த எண்ணிக்கை இரண்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. மூட்டையின் எடையைச் சரிபார்த்தவன், கிட்டங்கியில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் இறக்கிவிட்ட கதைதான்.

சீட்டில் பத்து அறிவிப்பு இருந்தால் பத்தையும் எழுதுவான். முதல் இரண்டும் சரியான இடத்தில் விழும். மூன்றாவது முதல் பத்தாவது வரை எங்கே விழும்?

பேரேட்டை நினைத்துப் பாருங்கள்

கம்ப்யூட்டரின் நினைவகம் கோடு போடாத நீண்ட பேரேடு மாதிரி. ஒருவருக்கு ஒதுக்கிய இரண்டு வரிக்கு அடுத்த வரியில் இன்னொருவர் கணக்கு இருக்கும். நடுவில் சுவர் கிடையாது. கணக்குப்பிள்ளை கவனமில்லாமல் எழுதிக்கொண்டே போனால், பூப்பாறைக் கடையின் பாக்கி ரூ.48,000 என்று எழுதியிருந்த வரியின் மேல் வேறு ஏதோ எழுத்து ஏறிவிடும். யாரும் பணத்தைத் திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை, ஆனாலும் கணக்கு போய்விட்டது.

பெரும்பாலும் இதனால் கம்ப்யூட்டர் குழம்பி நின்றுபோகும். ஆனால் அடுத்த வரியில் "இது முடிந்ததும் 60-ம் பக்கத்தில் உள்ளபடி செய்" என்று டிரைவர் தனக்குத்தானே எழுதி வைத்த குறிப்பு இருந்தால்? தந்திரசாலி ஒருவன் சீட்டை அதற்கேற்றபடி தயாரித்து, 60-ஐத் தனக்கு வேண்டிய எண்ணாக மாற்றிவிடப் பார்க்கலாம். அப்போது கம்ப்யூட்டர் அவன் சொன்னபடி நடக்கும். இந்த வகைக் குறையைத்தான் நினைவகப் பாதுகாப்புப் பிழை என்கிறார்கள். ரியல்டெக் விஷயத்தில், வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவர் கம்ப்யூட்டரை நிற்க வைக்கவும், அதற்கு மேலும் போகவும் வாய்ப்பு உண்டு என்று கருதப்பட்டது.

திருத்தம் எவ்வளவு பெரியது?

இந்தப் பிழையைக் கண்டவர் நிக்கோ வைஸ்மன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர். ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தார். லாரா அப்பாட் என்ற லினக்ஸ் நிபுணர் அதே வாரத்தில் திருத்தம் எழுதிவிட்டார். அந்தத் திருத்தத்தின் சாரம் இவ்வளவுதான்: "அறிவிப்பு இரண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு என்றே எடுத்துக்கொள்." குறைந்தது 4 ஆண்டுகளாக அங்கேயே இருந்த குறை, இப்படி ஒரு சிறிய சோதனையால் சரியாகிவிட்டது.

லினக்ஸின் எழுத்து முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியில் இருப்பது. அப்படியிருந்தும் 4 வருடம் இது யார் கண்ணிலும் படவில்லை. அதற்காக எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடக் கணக்கு முடிக்கும்போது நாமும் கூட்டல் பிழையைப் பத்து முறை பார்த்தும் விட்டுவிடுவதில்லையா?

இத்தகைய பிழை ஒன்றிரண்டு அல்ல. இயங்குதளங்களில் பெரும்பகுதி, 1970-களில் பிறந்த 'சி' என்ற கணினி மொழியிலும் அதன் வழிவந்த மொழிகளிலும் எழுதப்பட்டது. அது வேகமான மொழி. ஆனால் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை எழுதுபவரிடமே விட்டுவிடும். தங்கள் பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இந்த நினைவக வகையே என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே 2019-ல் தெரிவித்தது. இடம் பார்க்கும் வேலையைத் தானே செய்யும் 'ரஸ்ட்' என்ற புதிய மொழிக்கு 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-ல் இடம் கொடுத்தார்கள். ஆனாலும் பழைய எழுத்து மலைபோல் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நமக்கு என்ன வந்தது?

"எங்கள் கடையில் லினக்ஸ் இல்லையே, விண்டோஸ்தானே" என்று நீங்கள் கேட்கலாம். விண்டோஸின் வைஃபை டிரைவரிலும், உள்ளே வருவதைச் சரியாகச் சோதிக்காத கடுமையான குறை ஒன்று இருந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2024 ஜூன் 11 அன்று வெளியிட்டது. ஆபத்தின் அளவு 10-க்கு 8.8 என்று மதிப்பிடப்பட்டது. அருகில் இருக்கும் ஒருவர், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், நாம் எதையும் தொடாமலேயே, வைஃபை வழியாக ஒரு செய்தியை அனுப்பி இக்குறையைப் பயன்படுத்த முடியும் என்றார்கள்.

என் கடைக் கம்ப்யூட்டரில் அந்தத் திருத்தம் இறங்கவே இல்லை. காரணம் நான்தான். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது என் கணக்கு மட்டுமல்ல. மலையில் உள்ள சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கி, எஸ்டேட் கணக்கு, அவர்களுடைய போன் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. ஏலக்காய் ஏலமே போடியிலும் புத்தடியிலும் மின்னணு முறையில் நடக்கும் காலம் இது. நம்பிக் கடன் வாங்கியவர்களின் கணக்கைத் திறந்த கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு திருத்தம் நம்மிடம் வந்து சேரும் வழியைப் பாருங்கள். கண்டுபிடிப்பவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர், அதைச் சரிபார்த்துச் சேர்ப்பவர்கள் சிலர், நமக்கு அனுப்பி வைப்பது நிறுவனம். எங்கெங்கோ இருப்பவர்கள் வேலையை முடித்து, சரக்கு நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. இறக்கி உள்ளே வைக்க வேண்டியது நாம். இறக்கவில்லை என்றால் அத்தனை பேர் உழைப்பும் நம்மைப் பொறுத்தவரை வீண். அதுமட்டுமல்ல, திருத்தம் வெளியானவுடன் குறை எங்கே இருந்தது என்பது உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. ஆகவே திருத்தம் வந்தபின் அதைப் போடாமல் இருப்பது முன்னைவிட ஆபத்து.

செய்ய வேண்டியவை

1. உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 7-க்கான பொதுத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்களுடையது இவற்றில் ஒன்றானால், மாற்றுவதா, கூடுதல் காலத் திருத்தத்துக்குப் பதிவு செய்ய முடியுமா என்று தெரிந்தவரைக் கேளுங்கள்.

2. அப்டேட்டை நிறுத்தாதீர்கள்; நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் வியாபாரம் குறைந்த ஒரு நாள், கடை அடைத்த பிறகு செய்யுங்கள். வேலை நேரத்தில் தானாக அணையாதபடி நேரம் குறிக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. அன்றைக்கு அந்த வசதி எனக்குத் தெரியாமல் போனதால்தான் இத்தனை வினையும்.

3. அப்டேட்டுக்கு முன் பற்றுவரவு முழுவதையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, வீட்டில் வையுங்கள்.

4. ஒரே இடத்தில் இருக்கும் பில் கம்ப்யூட்டருக்கு வைஃபை தேவையில்லை. வயர் போட்டு இணைத்துவிட்டு, வைஃபையை அணைத்து விடுங்கள். காற்றில் வரும் சீட்டை வாங்க ஆள் இல்லை என்றால், அந்த வழியாக ஏமாறவும் ஆள் இல்லை.

5. மாற்றவே முடியாத பழைய கம்ப்யூட்டர் என்றால், அதை இன்டர்நெட்டிலும் வைஃபையிலும் சேர்க்காமல் கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பணம் வாங்கும் போனுக்கும் ரவுட்டருக்கும் திருத்தங்கள் வரும். அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் செய்ய எங்கள் கடையில் ஒரு ஞாயிறு மாலையும் ஒரு வயரும்தான் செலவாயிற்று. இப்போது மாதம் ஒரு முறை, கடை சாத்திய பிறகு அப்டேட் ஓடுகிறது. பில் எதுவும் தடைப்படவில்லை.

என் பேச்சைக் கேட்டு அப்டேட்டை நிறுத்தியவர்கள் தயவுசெய்து திரும்பப் போட்டுவிடுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் மாலை 4 மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். நான் எழுதி வைத்திருக்கும் தாளைக் காட்டுகிறேன். முடியாவிட்டால் பேரனுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறேன்.

— மொத்த மளிகை வியாபாரி, பொட்டிபுரம்