பாட்டி குத்தினால் பச்சை... பேரன் குத்தினால் டாட்டூ!

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடக்கும்போது, பக்கத்தில் வருபவர்களின் கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு பாட்டியின் முன்கையில் மங்கிப்போன கோலம். அவரைத் தாண்டி விறுவிறுவென நடக்கும் இளைஞரின் தோளில் திரிசூலமும் உடுக்கையும். வெறுங்காலோடு வரும் வெளிநாட்டுக்காரரின் கழுத்தில் 'ஓம்'. ஊசியால் தோலுக்குள் மையை இறக்கும் அதே வேலைதான் மூன்றும். ஆனால் பாட்டியுடையது 'பச்சை', மற்றவை 'டாட்டூ'. பெயரோடு மவுசும் மாறிவிட்டது!

அந்தக் காலத்தில் குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராக வந்து பச்சை குத்துவார்கள். விளக்குக் கரியைத் தாய்ப்பாலிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைத்தால் மை தயார். வலி மறக்கப் பாட்டும் உண்டு. கூலியாக நெல்லோ, பழைய புடவையோ, சில்லறையோ கிடைக்கும். கோலம், தேள், சாமி பெயர் எனக் குத்திக்கொண்டவர்களில், கணவர் பெயரைக் குத்திக்கொண்ட பெண்களும் ஏராளம். வாயால் சொல்லக் கூடாத பெயர், கையில் மட்டும் இருக்கலாம்! 'செத்தால் கூட வருவது பச்சை மட்டும்தான்' என்ற நம்பிக்கை வேறு.

1970களில் பச்சை அரசியலுக்கும் வந்தது. அ.தி.மு.க-வினர் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார் எம்.ஜி.ஆர். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பினாலும், தொண்டர்கள் பலர் குத்திக்கொண்டார்கள்.

உடலை மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதே இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்துகிறோமே, அது என்ன? தென் மாவட்டங்களில் காதை வளர்த்து, தண்டட்டி, பாம்படம் போட்டு, தோள் வரை தொங்கவிடுவது அழகாக இருந்தது. பிறகு அதுவே பட்டிக்காட்டு அடையாளமாகிப்போக, வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறினார்கள். இன்று டாட்டூவை அழிக்க லேசர் சிகிச்சைக்குப் போகிறவர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

அப்படிப் போகிறவர்களில் ராணுவக் கனவோடு இருக்கும் இளைஞர்களும் உண்டு. பக்கத்து வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். அந்த அளவுக்கு ராணுவ வேலையை நம்பியிருக்கும் வட்டாரம் இது. ஆனால் ராணுவ விதிப்படி முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தர டாட்டூ இருக்கலாம். மரபுப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்குத்தான் விலக்கு. ஆசையாகத் தோளில் போட்ட திரிசூலம், ஆள்சேர்ப்பு முகாமில் வேலைக்கே வினையாகலாம்.

எல்லை மீறியதும் நடந்தது. 2024 டிசம்பரில், நாக்கைப் பாம்பு நாக்குபோல இரண்டாகப் பிளந்து இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்ட திருச்சி டாட்டூ கடைக்காரரும் உதவியாளரும் கைது செய்யப்பட்டார்கள். கடைக்கும் சீல். மயக்க மருந்தும் கத்தியும் டாக்டர் கையில் இருக்க வேண்டியவை அல்லவா?

திருவிழாக் கடையில் போட்டாலும் சரி, ஏசி ஸ்டுடியோவில் போட்டாலும் சரி, புது ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியும் மையும் அடுத்தவருக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எச்.ஐ.வி வரை பரவலாம். டாட்டூ போட்டால் 12 மாதங்களுக்கு ரத்த தானமும் செய்ய முடியாது.

அழிக்க நினைத்தால் பல சிட்டிங், நிறைய செலவு. அதிலும் ஒரு வேடிக்கை... பாட்டி காலத்துக் கரி மை லேசருக்கு எளிதில் மசியும். கலர் டாட்டூவின் பச்சையும் மஞ்சளும்தான் லேசில் போகாமல் அடம்பிடிக்கும்!