அழிப்பதற்கு முன் நகல் எடுங்கள்!

தக்கலையில் ஒருநாள் மக்ரிப் தொழுகை முடிந்ததும், என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் பழைய மடிக்கணினியுடன் வந்து நின்றான்.

"உஸ்தாத், இது திறக்கவே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் விண்டோஸைப் புதிதாகப் போடவேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். வாப்பாவின் குரல் இதில்தான் இருக்கிறது" என்றான்.

வளைகுடாவில் உழைத்து அங்கேயே வஃபாத்தான தந்தை அனுப்பிய குரல் பதிவுகள் அவை.

கணினியை எழுப்பி வேலை செய்யவைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அது பழுதானால் நம் கோப்புகளும் அழிந்துபோயின என்று பொருளன்று. பூட்டுக் கெட்டதால் பெட்டிக்குள் இருக்கும் நகை காணாமற் போவதில்லை அல்லவா?

லினக்ஸ் வகை இயங்குதளங்கள் பலவற்றை ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் நம் பிள்ளைகள் அறிந்ததே. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் அதுவும் வந்தது.

வேறொரு கணினியில் லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்துச் செருகினோம். மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. தொடங்கும்போது எதை முதலில் தேடவேண்டும் என்ற வரிசையில் ஹார்ட் டிஸ்க்கே முன்னால் இருந்தது. கணினியை இயக்கியவுடன் எஃப்2 அல்லது எஃப்12 விசையை அழுத்தி (இது கணினிக்குக் கணினி மாறும்) பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் தீரும். கோப்புகள் தெரிந்தன. அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தோம். பதிவு ஒன்றைத் திறந்தான். "மக்களே, தொழுதியா?" என்றது அந்தக் குரல். அவன் அழுதுவிட்டான்.

அதன்பிறகே விண்டோஸை நிறுவினோம். டிஸ்க் 'ஜிபிடி' அமைப்பில் இருப்பதால் நிறுவ இயலாது என்றது திரை. பலர் பார்ட்டிஷன்களை அழித்துவிடுவது இந்த இடத்தில்தான். பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்; யூஇஎஃப்ஐ முறையில் மீண்டும் தொடங்கினால் போதும். நிறுவல் பாதியில் நின்றால், இறக்கிய கோப்போ பென்டிரைவோ பழுதாக இருக்கலாம். இரண்டையும் மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 11 மறுக்கிறதா? அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் நல்ல மாற்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இங்கே நாம் கட்டவேண்டிய கயிறு நகல்தான். கணினி நன்றாக இருக்கும்போதே, இன்றிரவே, அதை எடுத்துவையுங்கள். மென்பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். மறைந்தவர் மீண்டும் ஒருமுறை பேசமாட்டார்.